தோட்டத்துக்குள் தோட்டா: அடியைப் பார்த்து ஆளைச் சொல்வது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர் பக்கம் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற தம்பிமார் எல்லாரும் சதுரக் காசை நினைத்துத்தான் போகிறார்கள். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட, மூலை மழுங்கிய அந்த மலாயா ஒரு காசு தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்து வாசலிலோ, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலோ கிடைக்காதா என்ற ஆசைதான். கிடைப்பது வேறு: மீன் டின் மூடி, ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு மாட்டிய கம்பி, தேய்ந்த கத்தித் துண்டு. அப்புறம், ஏதோ ஒரு மாலையில், பச்சை பூத்த ஒரு பித்தளைக் குழல். அதைப் படம் பிடித்து அனுப்பி "இது என்ன அண்ணே?" என்று கேட்பார்கள். படத்தில் குழல் படுத்துக் கிடக்கும். நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அடியில் என்ன எழுதியிருக்கிறது?"

இந்தப் பக்கத்து மண்ணில் தோட்டா கிடைப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 1942 ஜனவரி 7, விடியலுக்கு முன் மூன்றரை மணி வாக்கில், துரோலாக் வழியாகப் பெரிய சடக்கை (சாலையை)ப் பிடித்து ஜப்பானிய டாங்கிகள் இறங்கின. சடக்கை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பர்த் தோட்டத்துக்குள் அப்படியே கிடந்தன. அவற்றின் வழியே சுற்றிப் போய், காத்திருந்த படையின் பின்பக்கம் வந்துவிட்டார்கள். காலை முடிவதற்குள் சிலிம் ஆற்றுப் பாலம் முழுசாக அவர்கள் கைக்குப் போனது. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 11ஆவது டிவிஷன்: பஞ்சாபி, ஹைதராபாத், கூர்க்கா வீரர்கள், அவர்களோடு ஸ்காட்லாந்துக்காரர்கள். வடக்கே கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை நடந்த சண்டை தனி.

அதோடும் முடியவில்லை. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டபின், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அறிவித்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி, தோட்டத்துக்குத் தோட்டம் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், காட்டோரத்தில் பீரங்கி, மேலே குண்டு போடும் விமானம். ஆக, ஒரே நிரைக்குள் (மரவரிசைக்குள்) இரண்டு காலத்துத் தோட்டாக்கள் கலந்து கிடக்கும். எது எந்தக் காலத்தது என்று பிரிப்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

முதலில் இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். வட்டுக்குள் இருப்பது செப்புக் கம்பிச் சுருள். அதில் ஓடும் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, தன் பங்குக்குச் சின்னதாக ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் எவ்வளவு பலமாக, எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் இயந்திரம் ஒலியையும் எண்ணையும் காட்டுகிறது. பித்தளையும் செம்பும் நன்றாக மின்சாரம் கடத்துபவை, அதனால் ஒலி மேலே போகும். சின்ன இரும்பு கீழே உறுமும். நம் செம்மண்ணிலேயே இரும்புத் துரு நிறைய இருப்பதால், மண்ணுக்கு ஏற்றபடி சமன் செய்யாமல் தொடங்கினால் காலி நிலத்திலும் கத்திக்கொண்டே இருக்கும். அது இயந்திரத்தின் குற்றமில்லை.

புதிதாக வாங்கியவர்கள் முதல் நாளே செய்யும் வேலை, இரும்பை ஒதுக்கும் அமைப்பைப் போட்டுவிடுவது. ஆணியும் மங்குக் கம்பியும் கத்தாமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கையெறி குண்டும் மார்ட்டர் குண்டும் பீரங்கிக் குண்டும் இரும்பு உடம்புக்காரர்கள். நீங்கள் ஒதுக்கச் சொன்ன பட்டியலில் அவையும் உண்டு. பித்தளைத் தோட்டாவின் இனிமையான ஒலியைக் கேட்டுத் தோண்டும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு குண்டு கிடந்தால், இயந்திரம் அதைப் பற்றி வாயே திறக்காது. இதில் இன்னொரு வம்பு: பெரிய இரும்பு சில சமயம் பித்தளை போல மேல்சுருதியில் பாடி ஏமாற்றும். ஆகவே சண்டை நடந்த நிலத்தில் நான் இரும்பை ஒதுக்குவதில்லை. காது வலித்தாலும் எல்லா ஒலியையும் கேட்கிறேன். வட்டை ஒரு முழம் நகர்த்தியும் ஒலி அடங்காத அகலமான இரும்புச் சத்தம் என்றால், தோண்டாமல் அடுத்த நிரைக்குப் போய்விடுகிறேன்.

தோட்டாவின் நான்கு உறுப்பு

பேச்சில் எல்லாவற்றையும் "தோட்டா" என்று சொல்லிவிடுகிறோம். அது நான்கு பொருள் சேர்ந்த ஒன்று. மூன்றைத் தன்னுள் வைத்திருக்கும் பித்தளைக் குழல்தான் உறை. மலாயில் கெலோங்சோங் என்பார்கள். உறையின் வாயில் செருகியிருக்கும் கூர்முனைதான் பறந்து போகும் ரவை. உள்ளே வெடிமருந்து. அடிப்பக்கத்து நடுவில் பட்டாணி அளவில் ஒரு சிறு வட்டம் தெரியும், அது பற்றவைக்கும் மூடி. துப்பாக்கியின் ஊசி அதில் குத்தினால் பொறி பறக்கும், மருந்து எரியும், ரவை போய்விடும், உறை மட்டும் வெளியே துள்ளி விழும்.

பிரிட்டிஷ்காரர்களின் .303 தோட்டாவில் (அந்த எண் துப்பாக்கிக் குழலின் அங்குல அளவு) மருந்து தூளாக இருக்காது. கார்டைட் என்னும் அது நீளநீளமான இழைகளாக, காய்ந்த இடியாப்பத்தைக் கட்டிச் செருகியது போல இருக்கும். பழைய உறை வாய் பிளந்து அதற்குள் பழுப்பு இழைகள் தெரிந்தால், வேர் என்று நினைத்து நகத்தால் கிள்ளிப் பார்க்க வேண்டாம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அது நைட்ரோகிளிசரின்.

கையில் எடுப்பதற்கு முன், குழியில் கிடக்கும்போதே கேட்க வேண்டியவை இரண்டு. வாயில் ரவை இருக்கிறதா? அடியிலுள்ள மூடியில் ஊசி குத்திய குழி இருக்கிறதா? வாய் காலி, மூடியில் குழி என்றால் சுட்டு முடித்த வெற்று உறை. அதற்குள் ஒன்றும் இல்லை. வாயில் ரவை இருந்தால் அது உயிருள்ள தோட்டா என்றே கணக்கு. குழி விழுந்தும் வெடிக்காமல் போனதும் உண்டு, ஆகவே குழியை மட்டும் நம்பக் கூடாது.

அடியில் எழுதிய தலையெழுத்து

சரி, வெற்று உறைதான். இப்போது கழுவலாம். இதில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த முதல் உறையை, வீட்டில் குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். தங்கம் மாதிரி ஆகிவிட்டது. மூடியைச் சுற்றி மெல்லிய ஊதா வளையம் ஒன்று இருந்ததாக முதலில் எடுத்த படத்தில் தெரிகிறது. தேய்த்தபின் அது இல்லை. அந்த வளையம்தான் தோட்டாவின் ரகத்தைச் சொல்லும் அரக்கு. .303-இல் ஊதா என்றால் சாதா ரவை, சிவப்பு என்றால் ஒளிக்கீற்று விட்டுக்கொண்டு போவது, பச்சை என்றால் கவசம் துளைப்பது, நீலம் என்றால் தீப்பற்ற வைப்பது. எண்பது ஆண்டு மண்ணுக்குள் தாங்கிய நிறத்தை நான் கால் மணி நேரத்தில் தேய்த்தெடுத்துவிட்டேன். தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும்.

உறையைக் கவிழ்த்து விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் எழுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழும்பும். அப்படியும் தெரியாவிட்டால் மேலே மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் உரசுங்கள், பள்ளிக்கூடத்தில் காசுக்குச் செய்தோமே, அதே வித்தை.

முதலில் எழுத்தைவிட விளிம்பு முக்கியம். .303 உறையின் அடி, ஆணித்தலை போல உடம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விட்டம் 13.7 மி.மீ., நம் ஐந்து காசைவிடச் சின்ன வட்டம். உறையின் நீளம் 56 மி.மீ. இந்த இரண்டு அளவும் பொருந்தினால் பிரிட்டிஷ் தோட்டாதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். விளிம்பு உடம்போடு சமமாக நின்று, அதற்கு மேல் ஒரு பள்ளம் மட்டும் சுற்றி ஓடினால் வேறு சாதி. நீளம் 58 மி.மீ. இருந்தால் ஜப்பானிய 7.7 மி.மீ. தோட்டா, 51 இருந்தால் பிற்காலத்து 7.62 மி.மீ. தோட்டா. நீட்டிய விளிம்புக்கும் சமமான விளிம்புக்கும் நடுவே, மயிரிழை மட்டும் வெளியே நீட்டி, நீளம் 50-ஐ ஒட்டி, உடம்பும் மெலிந்திருந்தால் அது ஜப்பானிய 6.5, அரிசாகா துப்பாக்கியினுடையது. அளவுகோலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறினால் ஆளே மாறிவிடும், ஆகவே நாற்பது ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) ஒரு வெர்னியர் அளவுகோல் வாங்கிக்கொள்வது நல்லது.

இப்போது எழுத்து. பிரிட்டிஷ் உறையில் மூன்று சேதி இருக்கும்: செய்த ஆலை, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், ரகம். ரகம் அநேகமாக ரோமன் ஏழு, அதாவது ஒரு 'வி', இரண்டு 'ஐ'. பின்னாளில் வெறும் 7 என்றே போட்டார்கள். பக்கத்தில் 'இசட்' இருந்தால் உள்ளே இருந்தது கார்டைட் இழை இல்லை, நைட்ரோசெல்லுலோஸ் துகள். ஒற்றைக் 'கே' என்றால் பர்மிங்காமின் கைனாக் ஆலை. 'ஆர்' 'ஜி' சேர்ந்திருந்தால் ராட்வே கிரீன். 'எம்' 'எஃப்' என்றால் ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்கிரே. எனக்கு மிகவும் பிடித்தது 'கே', 'எஃப்' இரண்டுக்கும் நடுவே மேல்நோக்கி நிற்கும் ஓர் அம்பு. அது புனேயை அடுத்த கிர்க்கி ஆயுத ஆலையின் முத்திரை. புனேயில் வார்த்த பித்தளை ஒரு பஞ்சாபிச் சிப்பாயின் இடுப்பில் ஏறி, கப்பலில் வந்து, நம் பால்மரத்தடியில் விழுந்திருக்கிறது.

ஜப்பானிய ராணுவத் துப்பாக்கித் தோட்டாவைக் கவிழ்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, வழவழவென்ற வெற்று வட்டம். தேய்ந்து போயிற்று என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எழுத்து இல்லாததுதான் அதன் அடையாளம். சாதா ரவைக்கு உறையின் கழுத்தில் இளஞ்சிவப்பு வளையம் பூசியிருப்பார்கள். நம் மண்ணில் அது தங்குவது அபூர்வம்.

வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்ட சின்னம் தெரிந்தால் அது நேட்டோ அடையாளம், 1950களுக்குப் பிற்பட்டது. பித்தளைத் தொப்பி மட்டும், சோடா மூடி அளவில், நடுவில் '12' என்று எழுதிக் கிடைத்தால் பரபரக்க வேண்டாம். காட்டுப்பன்றிக்கும் அணிலுக்கும் சுட்ட வேட்டைத் தோட்டாவின் அடி அது. அட்டை உடம்பு மக்கிப் போய்த் தொப்பி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆண்டைப் படிப்பதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அடியில் 41 என்று இருந்தால் "சிலிம் ரிவர் சண்டைத் தோட்டா!" என்று குதிப்பார்கள். அந்த எண் செய்த ஆண்டு, சுட்ட ஆண்டு இல்லை. அவசரகாலத்திலும் அதே .303 துப்பாக்கிதான் புழங்கியது, போர்க்கால மிச்சச் சரக்கும் சுடப்பட்டது. 41 என்றால் 41-க்கு முன்னால் இல்லை, அவ்வளவுதான் சொல்லலாம். மாறாக 44, 49 என்று இருந்தால் ஜனவரி 1942 சண்டை இல்லை என்று அடித்துச் சொல்லலாம். எண் ஒரு பக்கம் மட்டும் பூட்டும் கதவு.

கிடக்கும் விதமும் பேசும். வெற்று உறைகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அங்கே ஒருவர் படுத்துச் சுட்டிருக்கிறார். பிரிட்டிஷ் படையின் பிரென் இயந்திரத் துப்பாக்கி உறையைக் கீழ்ப்பக்கம் தள்ளுவதால் குவியல் இன்னும் அடர்த்தியாக இருக்கும். ரவைகள் மட்டும் சிதறிக் கிடந்தால் அது சுடப்பட்ட பக்கம். ரவையைக் கூர் மேலே இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள், துப்பாக்கிக் குழலின் வரிகள் உடம்பில் சாய்வாகப் பதிந்திருக்கும். மேலே போகப் போக இடப்பக்கம் சாய்ந்து, எண்ணினால் ஐந்து இருந்தால் பிரிட்டிஷ் சிப்பாயின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. அரிசாகாவின் வரி வலப்பக்கம் சாயும். ஐந்து முழுத் தோட்டாக்கள் துருப்பிடித்த ஒரு தகட்டில் வரிசையாகச் செருகியபடி கிடைத்தால், அது சுட நேரமில்லாமல் கைவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

இடையில் ஒன்று. சில உறைகள் சுட்டதால் இல்லாமல், தாமே நெடுக்காக வெடிப்பு விட்டிருக்கும். பித்தளைக்கு அமோனியா ஆகாது. இந்தியாவில் மழைக்காலத்தில் பெட்டிக்குள் இருந்த தோட்டா உறைகள் இப்படி வெடிப்பு விட்டு, கடைசியில் குதிரை லாயத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். ரப்பர்ப் பால் உறையாமலிருக்க அமோனியா ஊற்றிய தோட்டங்கள் நம்முடையவை. குதிரைக்குப் பதில் மாட்டுக் கொட்டகையும் உண்டு. ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் எடுத்த உறைகளில் இந்த வெடிப்பை நான் அதிகம் பார்க்கிறேன். இது என் ஊகம்தான்.

கை வைக்கக் கூடாதவை

முழுத் தோட்டாவைத் தவிர இன்னும் நான்கு உருவங்களைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். முட்டை வடிவில், சீத்தாப்பழம் போலக் கட்டம் கட்டமாக, முக்கால் கிலோ கனத்தில் இருப்பது மில்ஸ் கையெறி குண்டு. வாழைப்பூ வடிவில், காம்புப் பக்கம் தகட்டு இறக்கைகளோடு இருப்பது மார்ட்டர் குண்டு. இறக்கை இல்லாமல் இரண்டு அங்குல அகல உருளையாக இருப்பது ஜப்பானியர்கள் குட்டைக் குழாயிலிருந்து எறிந்த 50 மி.மீ. குண்டு. கடைசியாகப் பீரங்கிக் குண்டு. அதன் இடுப்பில் ஒரு செம்புப் பட்டை சுற்றியிருக்கும். பட்டை வழவழப்பாக இருந்தால் சுடாதது. பட்டையில் சாய்வு வரிகள் வெட்டியிருந்தால் குழலைக் கடந்து பறந்து வந்து, விழுந்தும் வெடிக்காமல் கிடப்பது. பறந்த அதிர்ச்சியில் திரியின் பூட்டு திறந்திருக்கும். இவை எல்லாவற்றிலும் மோசமானது அதுதான்.

ஆனால் நம் ஈர மண்ணில் இவை படத்தில் போல அழகாகக் கிடைப்பதில்லை. துரு, கூழாங்கல், செம்மண் மூன்றும் சேர்ந்து இறுகி வெறும் கட்டியாகத் தெரியும். அளவுக்குப் பொருந்தாத கனத்தோடு துருக் கட்டி ஒன்று தலை காட்டினால் அதை உருட்டிப் பார்க்காமல் குண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"எண்பது வருஷம் தண்ணியில ஊறியது, இனிமே என்ன ஆகும்?" என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை இருப்பதில்லை. குண்டுக்குள் இருக்கும் டி.என்.டி. வெடிமருந்து தண்ணீரில் கரையாத சரக்கு, அது அப்படியே இருக்கும். கெட்டுப்போவது அதைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்பிரிங்கும் ஊசியும்தான். ஜப்பானியக் குண்டுகள் சிலவற்றில் பிக்ரிக் அமிலம் இருந்தது. அது உலோகத்தோடு சேர்ந்தால் முன்னைவிட எளிதில் வெடிக்கும் உப்பாக மாறும். காலம் அதைச் சாதுவாக்காது.

பக்கத்து ஊரில் பெரியவர் ஒருவர், மறுநடவுக்கு மண் புரட்டியபோது கிடைத்த மார்ட்டர் குண்டை நல்லெண்ணத்தோடு மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து, மேடு பள்ளமெல்லாம் குலுக்கி, நேரே போலீஸ் நிலையத்துக்கே கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் வாசலுக்கு வந்த வேகத்தை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். மண்வெட்டியைக் கீழே வையுங்கள். எட்ட நின்று ஒரு படம் எடுங்கள். நாலைந்து மரம் தள்ளி ஒரு துணியைக் கட்டிவிட்டு, வந்த தடத்திலேயே திரும்புங்கள். 999-க்கு அழைத்து, தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். போலீஸ் பொம் (வெடிகுண்டு) பிரிவு வந்து அந்த இடத்திலேயோ பக்கத்திலேயோ வெடிக்க வைத்துவிடும்.

சட்டமும் விளையாட்டில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உயிருள்ள தோட்டா ஒன்றே ஒன்று உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலும் ஏழாண்டு வரை சிறையோ பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். "பழசு, ஞாபகார்த்தம்" என்பது பதிலாகாது. வரலாற்று மதிப்புள்ள பொருள் என்று தோன்றினால் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்காவது தெரிவிக்க வேண்டும். தோட்ட நிலம் தனியார் நிலம், மேனேஜர் கையெழுத்துப் போட்ட அனுமதி இல்லாமல் வேலியைத் தாண்டாதீர்கள். எலும்பு தட்டுப்பட்டால் உடனே நிறுத்திவிட்டுப் போலீஸுக்குச் சொல்லுங்கள். தைப்பிங் போர்க் கல்லறையில் படுத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். பக்கத்தில் கிடந்த ஒரு பித்தான், ஒரு பட்டைத் தகடு நகர்ந்துவிட்டால் இன்னொருவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

போன மாதம் பழைய சடக்கு வளைவை ஒட்டி, இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கும் ஒரு சரிவில், அனுமதியோடு தேடினேன். முதல் ஒலி, விளிம்பு நீட்டிய 56 மி.மீ. உறை, மூடியில் குழி. அடியில் 'கே', அம்பு, 'எஃப்', 39, ரோமன் ஏழு. அதே நிரையில் இரண்டு கை நீளத்துக்குள் இன்னும் பதினொன்று, எல்லாம் அதே முத்திரை. சரிவின் மறுபக்கம், மேல்மண்ணில், மெலிந்த உறை ஒன்று, அடி மொட்டை. இவ்வளவையும் சேர்த்தால் 1942 ஜனவரிக்குக் கை நீளுகிறது. பதினான்காவதாக எடுத்த உறையில் 'ஆர்ஜி', 50. அது மட்டும் தனியாக, வாய்க்கால் ஓரத்தில். எந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் எதைக் கண்டு சுட்டாரோ. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நிரை எண், மரத்தின் எண், ஆழம், தேதி எழுதினேன். அடுத்த ஒலி அகலமாக, அடங்காமல், இரும்பாக வந்தது. துணியைக் கட்டிவிட்டுத் திரும்பினேன்.